300இல் பறக்கும் காரை 40இல் உருட்டுவது எப்படி?

ஐரோப்பாவில் கார் ராலி நடத்தப்போகிறீர்கள் என்றால், விதிமுறைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், முதல் வரியாக, கொட்டை எழுத்தில் அச்சிடுங்கள்: ‘இது பந்தயம் அல்ல.’ உங்கள் ராலிக்குப் பெயர் கொடுக்கும் ஒருவரும் இதை நம்ப மாட்டார். அவர்கள் நம்ப வேண்டும் என்று அச்சிடுவதும் இல்லை. ஜெர்மனியின் குற்றவியல் சட்டத்தில் 315டி என்று ஒரு பிரிவு இருக்கிறது, 2017இல் சேர்த்தது. பொதுச் சாலையில் அனுமதி இல்லாமல் பந்தயம் நடத்தினாலும் சரி, அதில் ஓட்டினாலும் சரி, இரண்டு ஆண்டுவரை உள்ளே தள்ளலாம். நடத்தியவர் என்ற இடத்தில் இருக்கப்போவது உங்கள் பெயர். காப்பீட்டு நிறுவனமும் ‘பந்தயம்’ என்ற சொல் கண்ணில் பட்ட கணமே கைகழுவிவிடும். எனவே ‘முதலில் வந்தவர்’, ‘குறைந்த நேரம்’, ‘சராசரி வேகம்’ முதலான சொற்களை உங்கள் வாயிலிருந்தும் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் இன்றே நீக்குங்கள். ‘இயற்கைக் காட்சி’, ‘நட்பு’, ‘பாரம்பரியம்’ ஆகியவற்றைத் தாராளமாகத் தூவுங்கள். ‘மதிய உணவு’ என்பதைப் பெரிதாகப் போடுங்கள்.

கடைசியில் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. 1894 ஜூலை 22 அன்று ஒரு பாரிஸ் நாளிதழ், பாரிஸிலிருந்து ரூவான் நகர்வரை 126 கிலோமீட்டருக்கு நடத்திய வண்டி ஓட்டத்தைத்தான் உலகின் முதல் மோட்டார் போட்டி என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதில் பாதி வழியில் மாந்த் என்ற ஊரில் எல்லோரும் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அட்டவணையிலேயே அப்படித்தான் இருந்தது. முதலில் போய்ச் சேர்ந்தவர் தெ தியோன் பிரபு, நீராவி வண்டியில். முதல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. கரி தள்ளக் கூடவே ஓர் ஆள் வேண்டியிருந்த வண்டி, ‘கையாள எளிதாக இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனைக்குள் வராது என்று சொல்லிவிட்டார்கள். பரிசைப் பின்னால் வந்த பெழோவும் பனார் லெவாஸோரும் பங்கு போட்டுக்கொண்டன. சாப்பாட்டுக்கு நிறுத்து, முதலில் வந்தவருக்குப் பரிசு கொடுக்காதே: ராலி நடத்துவதற்கு வேண்டிய இரண்டு சூத்திரமும் அன்றைக்கே கையில் கிடைத்துவிட்டன. அதற்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தது ஸ்டிக்கர்தான்.

ஆள் சேர்க்கும்போது பன்னிரண்டு காரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐம்பது பேர் கேட்பார்கள். மலை உச்சிக் கடை வாசலில் ஐம்பது கார் நிற்க இடம் இருக்காது. பன்னிரண்டுக்கே கடைக்காரர் முகம் சுளிப்பார். யார் யார் வருவார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். இத்தாலிய சூப்பர் கார்க்காரர் ஒருவர் வருவார். அவர் காரின் மூக்கு தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் இருக்கும். ஊருக்கு ஊர் இருக்கும் வேகத்தடைகளைக் கோணலாகத்தான் ஏறி இறங்குவார். ஜெர்மன் கார்க்காரர் ஒருவர் வருவார். யார் காரின் டயர் காற்றழுத்தமும் சரியில்லை என்பது அவர் கருத்து. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவரின் டிக்கியில் துணிமணியைவிட ஸ்பேனர் அதிகம் இருக்கும். வண்டி நின்றால் மற்றவர்கள் வருந்துவார்கள், அவர் மகிழ்வார். நின்றால்தானே பானட்டைத் திறக்க முடியும்? சின்ன மஸ்தா எம்எக்ஸ்-5இல் ஒரு தம்பதி வருவார்கள். கூட்டத்திலேயே விலை குறைந்த கார் அவர்களுடையது. வளைவுப் பாதையில் அவர்களைப் பிடிக்க முடியாது. கூரையைத் திறந்துபோட்டு எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்கு அது பொறுக்காது.

மின்சாரக் கார்க்காரரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழுவில் பெரிய சண்டை நடக்கும். சேருங்கள். வழியெல்லாம் அவரைக் கிண்டல் செய்து பொழுது போகும். சார்ஜ் ஏறும் நேரமும் மதியச் சாப்பாட்டு நேரமும் ஒன்றாகவே இருப்பதால் அவருக்கு ஒரு நிமிடமும் வீணாகாது என்பதை மூன்றாம் நாள்தான் மற்றவர்கள் கவனிப்பார்கள்.

இவர்கள் அனைவரின் பெட்டிகளையும் ஏற்றிவர ஒரு டீசல் வேன் கட்டாயம் வேண்டும். சூப்பர் காரில் ஒரு பல் துலக்கியும் அதற்கு ஒரு தோல் உறையும் வைக்கலாம். வேனை நிதானமான ஒருவரிடம் ஒப்படையுங்கள். தினமும் மாலையில் எல்லோருக்கும் முன்பாக ஹோட்டலில் இருப்பது அவர்தான். இதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று விதியில் சேர்க்கலாம்.

வழியைத் தீர்மானிக்கக் குழு போடாதீர்கள். பிபிசியின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சிக்காரர்கள் முதலில் இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயைத்தான் உலகிலேயே சிறந்த சாலை என்றார்கள்; 2009இல் ருமேனியாவுக்குப் போய் டிரான்ஸ்ஃபகரஷானைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பை மாற்றினார்கள். அன்றிலிருந்து கார்ப் பிரியர்கள் வடகலை, தென்கலை என்று பிரிந்து கிடக்கிறார்கள். இதில் வேடிக்கை, இரண்டுமே பயத்தில் போட்ட சாலைகள். ஸ்டெல்வியோ, லொம்பார்டியைக் கைக்குள் வைத்துக்கொள்ள ஆஸ்திரியப் பேரரசு 1820 முதல் 1825 வரை கார்லோ தோனெகானி என்ற பொறியாளரைக் கொண்டு போட்டது. மற்றது, 1968இல் சோவியத் படை செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்ததைக் கண்டு, அடுத்தது நாமோ என்று நடுங்கிய ருமேனிய ஆட்சியாளர் செளஷெஸ்கு, 1970க்கும் 1974க்கும் இடையில் ராணுவத்தை வைத்து மலையை வெடிவைத்துப் பிளந்து போட்டது. படை விரைந்து போகட்டும் என்று போட்ட இரண்டு சாலைகளிலும் இன்று விரைந்து போக முடிவதில்லை.

ஸ்டெல்வியோவையே எடுத்துக்கொள்வோம். 2757 மீட்டர் உயரம். வடக்கே பிராட் ஊரிலிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை இருக்கிறது. உச்சிக்குப் போகப் போக எண் குறையும். படத்தில் பார்த்தால் யாரோ மலைமீது ரிப்பனைச் சுழற்றிப் போட்டதாகத் தெரியும். படத்தில் தெரியாதவை: முன்னால் போகும் கேரவன், அதற்கு முன்னால் போகும் இன்னொரு கேரவன், வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பும் பேருந்து, இவை எல்லாவற்றையும் ஓரமாகக் கடந்து மூச்சிரைக்க ஏறும் அறுபது வயது சைக்கிள்காரர். 600 குதிரைத்திறன் கொண்ட காரில் முதல் கியரில் ஏறி, வளைவில் நின்று, மறுபடி முதல் கியரில் ஏறுவது என்பதை 48 முறை செய்த பிறகு கிளட்ச்சின் வாசனை ஒரு மாதிரி வரும். உச்சியில் கடைகளில் பொரிக்கும் சாஸேஜ் வாசனை அதை மறைத்துவிடும். ஆண்டில் ஒரு நாள் இந்தச் சாலையை மோட்டார் வண்டிகளுக்கு மூடி, சைக்கிள்காரர்களிடம் முழுவதுமாக விட்டுவிடுகிறார்கள். கோடையின் கடைசி வாரங்களில் வரும் அந்த நாளைத் தேடிக் கண்டுபிடித்து, உங்கள் ராலியை அதே நாளில் வைக்காமல் இருங்கள். வைத்தவர்கள் உண்டு.

விடியற்காலை ஆறு மணிக்குப் போனால் சாலை காலியாக இருக்கும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஹோட்டலில் காலை உணவு ஏழு மணிக்கு. அதற்கும் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கிறார்கள். கோடிக்கணக்கில் காருக்குக் கொட்டியவர் இலவச முட்டையை விட்டுவிட்டு வருவார் என்று எண்ணுவது மனித இயல்பு தெரியாதவர்கள் போடும் திட்டம்.

மாதம் முக்கியம். ஏப்ரலில் ஹோட்டல்கள் மலிவாகக் கிடைக்கும். கணவாய்கள் பனியில் மூடிக் கிடக்கும். அதனால்தான் மலிவு. உயரமான ஆல்ப்ஸ் கணவாய்கள் பெரும்பாலும் மே கடைசி அல்லது ஜூன் மாதம் திறந்து, அக்டோபர், நவம்பரில் மூடுகின்றன. ருமேனியச் சாலை ஜூன் கடைசிவரைகூடத் திறப்பதில்லை. திறந்த பிறகு பாதையோரம் கரடிகள் கைநீட்டி நிற்கும். கரடிக்குப் பிஸ்கட் கொடுக்கக் கூடாது என்பதையும் விதியில் எழுதுங்கள்; இத்தாலிய சூப்பர் காரின் ஜன்னல், கரடியின் வாய் மட்டத்தில்தான் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட்டில் ஐரோப்பா முழுக்க விடுமுறை. சாலை முழுக்கக் குடும்பங்கள். செப்டம்பர் நல்ல மாதம். ஆனால் அப்போதுதான் ஆல்ப்ஸ் மேய்ச்சல் நிலங்களிலிருந்து மாடுகளைப் பூமாலை சூட்டி, பெரிய மணி கட்டிக் கீழே ஓட்டி வருவார்கள். மாடு வரும்போது சாலை மாட்டுக்குச் சொந்தம். இன்ஜினை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். எந்தக் காருக்கும் அவ்வளவு கைதட்டல் கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஸ்விட்சர்லாந்தில் மாட்டுக்கு அடுத்த இடம் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துக்கு. மலைச்சாலைகளில் நீல நிறப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்திருந்தால், அங்கே பேருந்து ஓட்டுநர் சொல்வதுதான் சட்டம். பின்னால் போ என்றால் போக வேண்டும். குருட்டு வளைவுக்கு முன்னால் அவர் மூன்று சுரத்தில் ஹாரன் அடிப்பார்; ரோஸினி ‘வில்லியம் டெல்’ இசைநாடகத்துக்குப் போட்ட தொடக்க இசையிலிருந்து எடுத்தது. ஃபூர்கா கணவாயில் நீங்கள் 1964ஆம் ஆண்டு ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 ஓட்டிய அதே வளைவில் அதே முகபாவத்துடன் திரும்பிக்கொண்டிருக்கும்போதுதான் இந்த இசை கேட்கும். அடுத்த நூறு மீட்டரைப் பின்பக்கமாக ஓட்ட வேண்டியிருக்கும். பாண்டுக்கு இது நேரவில்லை. அவருக்குச் சாலையை அடைத்துக் கொடுத்திருப்பார்கள்.

ஸ்விட்சர்லாந்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போகும் இடம் இதுதான். 1955இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு மெர்சிடீஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைக் கண்டு, தன் மண்ணில் சுற்றுப் பந்தயங்களே வேண்டாம் என்று தடை போட்டு, பல பத்தாண்டுகள் அதைக் காத்த நாடு அது. கடுமையான வேகக் குற்றத்துக்கு அங்கே அபராதம் குற்றவாளியின் வருமானத்தையும் சொத்தையும் பார்த்து விதிக்கப்படும். 2010இல் செங்காலன் பகுதியில் 80 கி.மீ. வேகம் அனுமதித்த இடத்தில் ஃபெராரியை 137இல் ஓட்டிய ஒரு செல்வந்தருக்கு 2,99,000 ஃப்ராங்க் அபராதம் போட்டார்கள். எல்லை மீறினால் காரையே பறிமுதல் செய்து விற்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே ஸ்விஸ் எல்லையைத் தாண்டும் முன் உங்கள் ஆட்களுக்கு ஒரு பயிற்சி கொடுங்கள்: கைக்கடிகாரத்தைக் கழற்றிவைப்பது, ‘கார் மச்சானுடையது’ என்று சொல்லிப் பழகுவது. பயன் இருக்காது, ஆனால் பயந்துபோய் 80இல் ஓட்டுவார்கள்.

பிரான்சில் அவ்வளவு நாடகம் இல்லை. நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் 110, நடுவில் தடுப்பு இல்லாத ஊர்ப்புறச் சாலையில் பெரும்பாலும் 80. அதைவிட 40 கி.மீ. கூடுதலாகப் போனால் போலீஸ் அங்கேயே உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். கேமராவைக் காட்டிக்கொடுக்கும் ரேடார் கருவியை வைத்திருந்தாலே குற்றம். அணைத்து வைத்திருந்தேன் என்று சொல்வதில் பயனில்லை. உரிமம் போன பிறகு காரை யார் ஓட்டுவது என்ற கேள்வி வரும். அதனால் பக்கத்து இருக்கையில் வருபவர் பெயரையும் காப்பீட்டில் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். எத்தனையோ கணவன்மார் தங்கள் அருமைக் காரைப் பக்கத்து இருக்கையிலிருந்து முதல்முறையாகப் பார்த்தது பிரான்சில்தான்.

இங்கிலாந்திலிருந்து கிளம்புபவர்களுக்கு இன்னும் சில உபத்திரவங்கள். ஃபோக்ஸ்டனில் காரை ரயிலுக்குள் ஓட்டிக்கொண்டு போனால் 35 நிமிடத்தில் கலே. அங்கே இறங்கியதும் வலது பக்கம் ஓட்ட வேண்டும். சுங்கச்சாவடியில் சீட்டு கொடுக்கும் இயந்திரம் இடது பக்கம் இருக்கும். ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கும். தனியாக வருபவர் இறங்கி, காரைச் சுற்றி ஓடி, சீட்டை எடுத்து, திரும்பி ஓடி வருவதற்குள் பின்னால் நிற்கும் லாரிக்காரர் பிரெஞ்சு மொழியின் வளத்தை எடுத்துக்காட்டுவார். தானாகப் பணம் கழியும் சுங்க வில்லையை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு பொருளுக்காக உங்களை அவர்கள் ஆயுள் முழுக்க வாழ்த்துவார்கள்.

ஹெட்லைட்டையும் மறக்கக் கூடாது. இடதுபக்கப் போக்குவரத்துக்குச் செய்த விளக்கு, ஐரோப்பாவில் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஒளியைத் திருப்ப ஒரு சிறு ஒட்டுத்தாள் விற்கிறார்கள். அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் 1966 மான்டி கார்லோ ராலியை நினைத்துக்கொள்ளலாம். முதல் மூன்று இடங்களிலும் மினி கூப்பர்கள். ராலி அதிகாரிகள் கார்களைப் பிரித்துப் பிரித்துத் தேடி, கடைசியில் ஹெட்லைட் பல்பு விதிப்படி இல்லை என்று மூன்றையும் நீக்கினார்கள். வெற்றி சித்ரோவனில் வந்த ஃபின்லாந்துக்காரர் பாவுலி தோய்வொனனுக்குப் போனது. அவருக்கே அதில் மகிழ்ச்சி இல்லை. சித்ரோவன் பிரெஞ்சுக் கார் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்டிக்கர்கள்: ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு ஒன்று, ஸ்விஸ் நெடுஞ்சாலைக்கு ஒன்று, ஜெர்மன் நகரங்களுக்குள் நுழைய மாசுக் கட்டுப்பாட்டுப் பச்சை வட்டம் ஒன்று, ‘ஜிபி’ என்று இருந்து 2021இல் ‘யுகே’ ஆன நாட்டு அடையாளம் ஒன்று. முன்கண்ணாடியில் சாலை தெரிவதற்கும் ஓரிடம் ஒதுக்குங்கள். உங்கள் ராலியின் சொந்த ஸ்டிக்கரையும் எண்ணையும் கதவில் ஒட்டத்தான் எல்லோரும் துடிப்பார்கள். அதைவிடப் போலீஸுக்கு உதவியான பொருள் வேறில்லை. வேண்டும்போது ஒட்டி வேண்டாதபோது எடுக்கக் காந்த ஸ்டிக்கர் வாங்கலாம். ஆனால் அலுமினிய உடம்பிலும் கார்பன் ஃபைபர் உடம்பிலும் காந்தம் ஒட்டாது. கார் விலை ஏற ஏற உங்கள் ஸ்டிக்கர் கீழே விழும்.

பன்னிரண்டு காரும் வரிசையாகப் போக வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். இரண்டாவது சிக்னலில் வரிசை அறுந்துவிடும். அறுந்ததை ஒட்டத்தான் எல்லோரும் வேகமாக ஓட்டுவார்கள். விபத்து நடப்பது அப்போதுதான். பதிலாக, ஆளுக்கொரு வழிப்புத்தகம் கொடுத்து, மாலையில் சந்திப்போம் என்று சொல்லிவிடுங்கள். வழிப்புத்தகத்தில் ஒவ்வொரு சந்திப்புக்கும் சிறு படம் இருக்கும்: உருண்டை இருக்கும் முனை நீங்கள் வரும் பக்கம், அம்பு இருக்கும் முனை போக வேண்டிய பக்கம். நெதர்லாந்தின் துலிப் ராலியில் பிறந்ததால் இதற்குத் துலிப் படம் என்று பெயர். ஜிபிஎஸ் இருக்கும்போது எதற்கு இது என்று கேட்பார்கள். ஜிபிஎஸ் தவறினால் யாரையும் திட்ட முடியாது. வழிப்புத்தகம் தவறினால் பக்கத்து இருக்கைக்காரரைத் திட்டலாம். ராலியில் உரையாடல் என்று ஒன்று நடப்பதே அதனால்தான்.

வழிகாட்டுபவருக்கு மாதிரியாக டெனிஸ் ஜென்கின்சனைக் காட்டுங்கள். 1955இல் இத்தாலியின் மில்லே மிலியா சாலைப் பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய மெர்சிடீஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பத்திரிகையாளர், தாடிக்காரர். ப்ரெஷ்ஷாவிலிருந்து ரோம் போய்த் திரும்பும் வழி முழுவதையும் 15 அடிக்கு மேல் நீண்ட காகிதச் சுருளில் குறித்து, ஒரு சிறு பெட்டிக்குள் சுருட்டிச் சுருட்டிப் படித்துக் கையால் சைகை காட்டினார். சுமார் 1600 கிலோமீட்டரை 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார்கள். நடுவில் வாந்தி எடுக்கத் தலையை வெளியே நீட்டியபோது மூக்குக்கண்ணாடி காற்றோடு போய்விட்டது. அவரிடம் இன்னொரு கண்ணாடி இருந்தது. உங்கள் பொருள்பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டும். இதுவரை நான் பார்த்த எந்த ராலிப் பட்டியலிலும் இல்லை.

இரண்டே ஆண்டு கழித்து, 1957இல், அதே மில்லே மிலியாவில் குயிதிட்ஸோலோ அருகே தெ போர்தாகோ என்ற ஓட்டுநரின் ஃபெராரி டயர் வெடித்துக் கூட்டத்தில் பாய்ந்தது. காரில் இருந்த இருவரும் வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் இறந்தார்கள். ஒன்பதில் ஐந்து குழந்தைகள். பந்தயம் அத்தோடு நின்றது. 2007இல் கம்பால் 3000 என்ற பணக்கார ராலியின் கார் ஒன்று மாசிடோனியாவில் மோதி, வழியே வந்த ஒரு முதிய தம்பதி இறந்தார்கள். ராலியைப் பாதியில் கைவிட்டார்கள். உங்கள் ஆட்களில் ஒருவர் ‘காலியான சாலைதானே’ என்று தொடங்கினால், அவருடைய பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் கேலி கலக்காத அறிவுரை இது ஒன்றுதான்.

மில்லே மிலியா 1977இல் வேறு வடிவத்தில் மீண்டது: பழைய கார்கள், குறித்த நேரத்துக்குச் சரியாக வந்து சேரும் போட்டி. பிந்தினாலும் புள்ளி போகும், முந்தினாலும் போகும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முந்தினால் தண்டனை என்று தெரிந்ததும், ஊர் எல்லைக்கு வெளியே ஒரு மரத்தடியில் ஏழெட்டு சூப்பர் கார்கள் ஓரங்கட்டி நிற்பதைப் பார்ப்பீர்கள்; உரிமையாளர்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி பீச் பழம் தின்றுகொண்டிருப்பார்கள்.

சரி, வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஜெர்மன் ஆட்டோபான் இருக்கிறதே? இருக்கிறது. 2021இல் ஒரு செக் நாட்டுக் கோடீஸ்வரர் அங்கே புகாட்டி சிரோனை 417 கி.மீ. வேகத்தில் ஓட்டினார், விசாரணை நடந்தது, வழக்கு கைவிடப்பட்டது. உங்களுக்குக் கிடைக்கப்போவது வேறு. பழுதுபார்ப்பு நடக்கும் இடங்களில் இடது தடத்தைக் குறுக்கி, பக்கக் கண்ணாடியையும் சேர்த்து 2 அல்லது 2.1 மீட்டர் அகலத்துக்கு உட்பட்ட வண்டிகள் மட்டும் என்று பலகை வைப்பார்கள். சூப்பர் கார்கள் அதைவிட அகலம். ஆகவே லம்போர்கினி வலது தடத்தில், முன்னால் ஒரு சிமென்ட் லாரி, பின்னால் ஒரு சிமென்ட் லாரி என்று போகும். இடது தடத்தில் பழைய ஃபியட் பாண்டா ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போகும். தப்பித் தவறிக் காலிச் சாலை கிடைத்து விரட்டினால் பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கும். பெட்ரோல் தீர்ந்து ஆட்டோபானில் நின்றாலும் அபராதம், ஏனென்றால் அது தவிர்த்திருக்கக்கூடிய நிறுத்தம்.

நூர்பர்க்ரிங்கைத் தவிர்க்க முடியாது. 1927இல் திறந்த அந்த 20.8 கிலோமீட்டர் வளையத்தைப் பார்க்காமல் திரும்பினால் வீட்டில் சோறு இறங்காது. பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நேரங்களில் அது சட்டப்படி ஒருவழிச் சுங்கச்சாலைதான். வலது பக்கம் முந்தக் கூடாது, நேரம் பார்க்கக் கூடாது. பல காப்பீடுகள் அங்கே செல்லாது. தடுப்புக் கம்பியில் மோதினால் கம்பிக்கு மீட்டர் கணக்கில் பில் வரும். இழுத்துப்போன வண்டிக்குத் தனி. உங்கள் நிகழ்ச்சிநிரலில் அந்த நாளுக்கு ‘ஓய்வுப் பிற்பகல், அவரவர் விருப்பம்’ என்று மட்டும் எழுதுங்கள். நீங்கள் பக்கத்து ஊரில் காபி குடித்ததற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

மழை நாளுக்குப் பிரான்சின் முலூஸ் நகரத்துக் கார் அருங்காட்சியகம். நெசவாலை முதலாளிகளான ஷ்லும்ஃப் சகோதரர்கள் ரகசியமாக நூற்றுக்கணக்கான கார்களை வாங்கிக் குவித்தார்கள். ஆலை நொடித்ததும் ஸ்விட்சர்லாந்துக்கு ஓடினார்கள். 1977இல் தொழிலாளர்கள் கொட்டகைக்குள் புகுந்து பார்த்தால், சம்பளம் போன இடத்தில் வரிசை வரிசையாகப் புகாட்டிகள். கார்ப் பிரியர்களின் மனைவிமார் ஆர்வத்தோடு பார்க்கும் ஒரே கார் அருங்காட்சியகம் இது. ஏன் என்று கேட்காதீர்கள்.

சாப்பாடு, படுக்கை. பிரெஞ்சுக் கிராமத்து உணவகம் பகல் பன்னிரண்டுக்குத் திறந்து இரண்டுக்கு அடுப்பை அணைக்கும். இரண்டேகாலுக்கு வந்து, நான் போர்ஷெயில் வந்திருக்கிறேன் என்று சொல்லிப் பயனில்லை. அட்டவணையை மதியச் சாப்பாட்டிலிருந்து இரண்டு பக்கமும் கணக்குப் போட்டு எழுதுங்கள். மலை, கணவாய், ஏரி எல்லாம் அதற்குள் அடங்கட்டும். ஸ்விஸ் மலை ஹோட்டலுக்கு இரவு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தால் சமையலறை மூடியிருக்கும். உங்கள் குழுவில் தமிழர் இருந்தால் மட்டும் ஒரு வழி உண்டு. எண்பதுகளிலிருந்து அந்நாட்டு உணவக அடுக்களைகளில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். பின்கதவுப் பக்கம் போய், ‘அண்ணை, சாப்பிட ஏதும் இருக்குதோ?’ என்று கேட்டுப் பாருங்கள். ஜெர்மன் மொழியில் இல்லை என்று சொன்ன அதே ஹோட்டலில் சோறு கிடைக்கலாம்.

ஹோட்டலில் அறையின் படம் கேட்காதீர்கள். நிலத்தடிப் பார்க்கிங்கில் இறங்கும் சரிவின் படம் கேளுங்கள். பழைய நகரங்களில் அது கிணற்றுப் படி மாதிரி வளைந்து இறங்கும். இறங்கிய கார் ஏறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முடிவு மொனாக்கோவில் என்பது மரபு. அங்கே ஃபார்முலா ஒன் பந்தயத்தின் புகழ்பெற்ற கொண்டை ஊசி வளைவு சாதாரண ஊர்ச்சாலையில்தான் இருக்கிறது. பந்தயக் கார்களே அதில் சுமார் 50 கி.மீ. வேகத்தில்தான் திரும்புகின்றன. ஊரின் வேக வரம்பும் 50. உலகச் சாம்பியன் திரும்பும் வேகத்தில் சட்டத்துக்கு உட்பட்டு நீங்களும் திரும்பலாம் என்று ஆட்களிடம் சொல்லுங்கள். முன்னால் குப்பை லாரி போகாத வரைக்கும்.

பரிசளிப்பில் 1911ஐப் பின்பற்றுங்கள். முதல் மான்டி கார்லோ ராலியில் 23 கார்கள். வேகம் மட்டும் பார்க்கவில்லை. காரின் அழகு, உள்ளே இருந்தவர்களின் வசதி, வந்து சேர்ந்தபோது வண்டி என்ன நிலையில் இருந்தது என்று பார்த்துப் பரிசைத் தீர்மானித்தார்கள். நீங்களும் அப்படியே செய்து, மஸ்தா தம்பதிக்குக் கோப்பையைக் கொடுங்கள். இத்தாலியக் கார்க்காரர் முறையீடு எழுதுவார். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வரவுசெலவு விஷயம். இத்தாலியப் பழைய நகரங்களின் நடுப்பகுதி, அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டும் உரியது. நுழைவாயிலில் கேமரா இருக்கிறது. ஃபிளாரன்ஸில் ஹோட்டலைத் தேடி உங்கள் ஆட்கள் அதை நான்கு முறை சுற்றியிருப்பார்கள். நான்கு படங்கள், அபராதக் கடிதம். வெளிநாட்டுக்காரருக்கு அந்தக் கடிதத்தை அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. அவர்கள் அவசரப்படுவதில்லை. எல்லாரிடமும் தொடக்கத்திலேயே ஒரு முன்பணம் வாங்கி வையுங்கள். அழகான வழியனுப்பு விழா நடத்துங்கள், கட்டித் தழுவுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் எப்போது திரும்பும் என்று கேட்டால் 361ஆம் நாள் என்று சொல்லுங்கள்.